ஒரு செட் சாமான், ரெண்டு பிரேம்

ஜனவரி 4, ஞாயிறு

புது டைரி. மளிகைக் கடைக்காரர் சும்மா கொடுத்தது. இதுல சமையல் குறிப்பு எழுதப் போறதில்ல. என் நாத்தனார் பிருந்தா மேல இருக்கற வழக்கை எழுதப் போறேன்.

வழக்கு இதுதான். என் வீட்டுக்காரர் பூபதி ஒரு காலத்துல மலை சைக்கிள் பைத்தியம். முழங்கால் போனதும் தன்னோட பெரிய பிரேமை வித்துட்டார். அதுல இருந்த சாமான்களை விக்க மனசு வரல. ஃபோர்க், சக்கரம், பிரேக், கியர், கிராங்க், ஹேண்டில்பார், சீட்டு எல்லாமே நல்ல சரக்கு. எனக்கு ஒரு கருப்பு பிரேம் வாங்கினார். தங்கச்சிக்கு அளவுல சின்னதா ஒரு பச்சை பிரேம். "ரெண்டு செட் எதுக்கு? ஒரு வாரம் நீ, ஒரு வாரம் அவ. ஒரே வீடுதான?"ன்னுட்டார். அன்னையிலிருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா கார் ஷெட்டுல சாக்கு விரிச்சு, ஒருத்தி எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு வெப்பா. இன்னொருத்தி எடுத்துத் தன் பிரேமுல பூட்டிக்குவா. வெறும் பிரேம் ஒரு வாரம் சுவத்து ஆணியில தொங்கும்.

போன வருஷம் கோத்தகிரி போட்டி என் வாரத்துல வந்துச்சு. புதுச் செயின் போட்டேன், பிரேக் ஆயில் மாத்தினேன், விரல் நகத்துக்குள்ள கிரீஸ் போகாம வாரம் பூரா சமையல் பண்ணினேன். போட்டிக்கு முந்தின நாள் காப்பி குடிக்கும்போது பிருந்தா வந்து, "அண்ணி, இந்தத் தடவை நான் போகட்டுமா?"ன்னு கேட்டா. அத்தை இருந்தாங்க. இவர் இருந்தார். நான் என்ன சொல்லுவேன்? "பரவாயில்ல, நீயே போ"ன்னேன். மருமகளா வந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவா. அதுக்குன்னு நிஜமாவே எடுத்துட்டுப் போயிடறதா?

போயிட்டா. என் செயினு, என் பிரேக்கு, மூணாவது இடம். சேறு பூசின முகத்தோட அவ சிரிக்கற போட்டோ ஹால்ல மாட்டியிருக்கு. வாராவாரம் அதைத் துடைக்கறது யாரு? நான்தான்.

சாமான் இன்னிக்கு என் பக்கம் வந்திருக்கு. பச்சை பிரேம் ஆணியில எலும்பா தொங்குது. பார்க்கப் பார்க்க மனசு நெறையுது.

ஜனவரி 8, வியாழன்

மில்லுல என் வேலை நூலை இழுத்துப் பார்க்கறது. எங்க அறும்னு கண்டுபிடிச்சு எழுதணும். இன்னிக்கு ஒரு கோன் நூல் கூட என் இழுப்புக்குத் தாங்கல. சூப்பர்வைசர், "ஏனுங்க வாணி மேடம், வீட்ல எதாச்சுமா?"ன்னார். ஒண்ணுமில்லீங்கன்னேன்.

ஜனவரி 11, ஞாயிறு

சாமான் அவ பக்கம் போகுது. கழட்டிக் கொடுக்கும்போது எனக்குன்னு ஒரு கணக்கு உண்டு. போன தடவை கைப்பிடி ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சேன். இந்தத் தடவை நல்ல டியூபை எடுத்துட்டு ஒட்டுப் போட்ட டியூபைப் பின் சக்கரத்துக்குள்ள போட்டுட்டேன். சும்மா ஒரு மைல் தள்ளிட்டு வரட்டுமே. ஆள் சாகப் போறதில்ல.

அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. சாக்குல உக்காந்து, "அண்ணி, நீங்க துடைச்சா மட்டும் செயின் எப்படிங்க இப்படி மின்னுது?"ன்னு கேக்கறா. நடிப்பு.

ஜனவரி 17, சனி

பூப்பொங்கல். வீடு முழுக்க ஒறம்பறை, ஒரே சொந்தக்காரக் கூட்டம். வந்தவங்க எல்லாம் போட்டோ முன்னாடி நின்னு, "நம்ம பிருந்தாவா? அட!"ன்னாங்க. நான் வடை சுட்டேன். எண்ணெய் தெறிச்சுச்சு.

ஜனவரி 18, ஞாயிறு

சாமான் என் பக்கம். பின் சக்கரத்துல புத்தம் புது டியூப். ஒட்டுப் போட்டதைத் தூக்கிப் போட்டுட்டு அவளே மாத்தியிருக்கா. ஒரு வார்த்தை கேக்கல. சம்பாதிக்கற திமிர். வீட்லயே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சம்பளம் வாங்கறா, நகத்துக்கு நாளுக்கொரு கலர்.

சாயங்காலம் சேதி வந்துச்சு. கோத்தகிரி போட்டி பிப்ரவரி எட்டு. பொம்பளைங்களுக்கு இந்த வருஷம் ரெண்டு பிரிவாம். முப்பது தாண்டினவங்க காலைல, மத்தவங்க அதுக்கப்புறம். ஒவ்வொரு பிரிவுலயும் முதல் ரெண்டு பேரு மாநில அணி. இவர் கையைத் தட்டினார். "பாரு, ரெண்டு பேரும் ஓட்டலாம். வாணி ஓட்டி முடிச்சதும் சாமானைப் பிருந்தா பிரேமுக்கு மாத்திடலாம். ரெண்டு பேரும் கை வெச்சா ஒரு மணி நேரம்."

எனக்கு இதுதான் கடைசி. ஏப்ரல்ல இருந்து மில்லுல ஞாயித்துக்கிழமை ஷிஃப்டு போட்டுட்டாங்க. அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இல்ல. அதை நான் இன்னும் வீட்ல சொல்லல. சொன்னா, "அப்ப நீ மட்டும் ஓட்டு"ம்பாங்க, நான் "பரவாயில்ல"ம்பேன்.

ஜனவரி 22, வியாழன்

கண்டுபிடிச்சுட்டேன்!

கீரை ஆய்ஞ்சுக்கிட்டே யோசிச்சேன். எல்லாச் சாமானும் பொது. ஒண்ணே ஒண்ணைத் தவிர. பின் சக்கரத்தைப் பிரேமோட பிடிச்சு வெக்கற நீளக் கம்பி இருக்கே, ஆக்சில், அது மட்டும் அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. ரெண்டு பிரேம்லயும் திருகற மரை வேற வேற. ஒண்ணோடது இன்னொண்ணுல அரைச் சுத்து போகும், அப்புறம் இறுகிக்கும். ஆனா பார்க்க ரெண்டும் ஒரே நீளம், ஒரே கருப்பு.

நான் ஓட்டி முடிச்சுடுவேன். அப்புறம் அவ பிரேமுக்கு எல்லாத்தையும் நானே மாத்திக் கொடுப்பேன், சிரிச்ச முகத்தோட. கடைசில பின் சக்கரம். டூல்ஸ் பெட்டிக்குள்ள கையை விட்டா அவ ஆக்சில் இருக்காது. வீட்ல இருக்கும். "ஐயோ பிருந்தா, மறந்து வெச்சுட்டேனே!"ன்னு நான் தலைல கை வெச்சுக்குவேன். அவ பச்சை பிரேம் பின் சக்கரம் இல்லாம புல்லுல குத்த வெச்சு உக்காந்திருக்கும். எல்லாரும் கிளம்பிப் போறதை அவ பார்க்கணும். நான் போன வருஷம் ஷெட்டுல நின்னு என் வெறும் பிரேமைப் பார்த்தேன்ல, அந்த மாதிரி.

யாருக்கும் அடி படாது, ரத்தம் வராது. மறதிக்கு யாரும் தண்டனை கொடுக்க முடியாது.

கீரைல தண்டையும் சேர்த்துப் போட்டுட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல.

ஜனவரி 25, ஞாயிறு

சாமான் அவ பக்கம். இந்த வாரம் எதையும் தளர்த்தல, எதையும் மாத்தல. சின்ன சின்னதா பண்ற காலம் முடிஞ்சுது.

பிப்ரவரி 1, ஞாயிறு

சாமான் என் பக்கம். போட்டி வாரம் என் வாரம்.

பூட்டும்போது அவ வந்து பக்கத்துல குத்த வெச்சா. "அண்ணி, போன வருஷம்..."னு ஆரம்பிச்சா. "அந்த ஸ்பேனரை எடு"ன்னேன். எடுத்துக் கொடுத்தா. அவ்வளவுதான். மன்னிப்புக் கேக்கறவ அப்பவே கேட்டிருக்கணும். இப்ப வந்து சாக்குல உக்காந்து இழுத்தா ஆச்சா?

பிப்ரவரி 4, புதன்

மருதமலை அடிவாரத்துல ஏத்தம் இறக்கம்னு ஓட்டிட்டு வந்தேன். கால் நல்லா இருக்கு. திரும்பற வழில கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்க்கற மாதிரி சத்தமாவே சொல்லிப் பார்த்தேன். "ஐயோ பிருந்தா, மறந்து வெச்சுட்டேனே." முதல் தடவை சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் "ஐயோ"வை நீட்டாம சொன்னா நிஜம் மாதிரி இருக்குன்னு புரிஞ்சுது. ஆடு மேய்க்கற ஒருத்தர் நின்னு பார்த்துட்டுப் போனார்.

பிப்ரவரி 7, சனி

நான் மில்லுல இருந்து வர்றதுக்குள்ள பிருந்தா எல்லாத்தையும் முடிச்சு வெச்சிருக்கா. சக்கரம் ரெண்டையும் கழட்டி வண்டில ஏத்தியாச்சு, என் கருப்பு பிரேம் போர்வை சுத்திப் பின் சீட்டுல, அவ பச்சை பிரேம் அது மேல. என் ஆக்சில் பிரேம்லயே இருக்கும், பெட்டில இருக்கறதுதான் அவளுது, எடுத்துடலாம்னு நெனச்சிருந்தேன். இப்ப ரெண்டும் பெட்டில கெடக்கு.

அப்பதான் மாடிப்படில இருந்து கத்தினா. "அண்ணி! ஆக்சில் ஒண்ணுக்கு சிவப்பா மார்க் போட்டிருக்கேன். மாத்திறாதீங்க!"

பார்த்தேன். ஒரு ஆக்சில் தலைல நகப் பாலிஷ். வாசனை கூடப் போகல. தன் பொருளுக்கு எவ்வளவு பத்திரம் பாரு! நான் அவளுதை எடுத்துக்கக் கூடாதாம், அடையாளம் போட்டு வெக்கறா. நான் என்ன திருடியா?

சிவப்பு மார்க் போட்டதை எடுத்துச் சேலைத் தலைப்புல சுத்திக்கிட்டு சமையல்கட்டுக்குப் போனேன். கடலைப்பருப்பு டப்பா. பெரிய டப்பா, அத்தை அதை விசேஷத்துக்குத்தான் திறப்பாங்க. பருப்புக்குள்ள நெட்டுக்குத்தா சொருகி, மேல கையால தடவி விட்டேன்.

இவர் வந்து, "எல்லாம் எடுத்தாச்சா?"ன்னார். "எடுத்தாச்சுங்க"ன்னேன். பொய் இல்ல.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுதணுமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் பேனாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுதிடறேன்.

விடிஞ்சும் விடியாமக் கிளம்பினோம். இவர் வண்டி ஓட்டினார், அத்தை வீட்லயே இருந்துட்டாங்க. கோத்தகிரில நல்ல குளிரு. டீத் தோட்டத்து ஓரத்துல மைதானம், நூறு சைக்கிள், மைக்குல ஒருத்தர் விடாம பேச்சு. என் போட்டிக்கு நேரம் நெறைய இருந்துச்சு. பிரேமை நிமித்தி முன் சக்கரத்தை மாட்டினேன். பின் சக்கரத்தை வெச்சு ஆக்சிலைச் சொருகித் திருப்பினேன்.

அரைச் சுத்து. இறுகிடுச்சு.

வெளில எடுத்துத் துடைச்சு மறுபடி திருப்பினேன். அரைச் சுத்து. எனக்கு நூலை வெறும் கையால தொட்டாலே எத்தனாம் நம்பர்னு தெரியும். அப்படிப்பட்டவ அந்த மரையை இப்பத்தான் முதல் தடவையா உத்துப் பார்த்தேன். என்னுது இல்ல.

"ஐயோ"ன்னேன். நீட்டவே இல்ல.

பிருந்தா ஓடி வந்தா. பெட்டியைக் கவுத்துக் கொட்டினா. "சிவப்பு மார்க் போட்டது எங்கங்க அண்ணி?"ன்னா. "அது உன்னுதுதான?"ன்னு என் வாய் சொல்லிடுச்சு. அவ என்னைப் பார்த்தா. "என்னுதுக்கு எதுக்குங்க போடறேன்? உங்களுதுக்குத்தான் போட்டேன். உங்க போட்டி முதல்ல, பதட்டத்துல மாத்திச் சொருகிடக் கூடாதுன்னு."

நெத்தில வேர்த்துச்சு, அந்தக் குளிர்ல.

அவ நிக்கல. ஒவ்வொரு கூடாரமா ஓடினா. "அண்ணா, உங்க பின் ஆக்சில் கொஞ்சம் தர்றீங்களா? மரை பார்க்கணும்." ஒருத்தர் கொடுத்தார், நீளம் பத்தல. இன்னொருத்தரோடது பருமன். இவர் வண்டிக்குள்ள மிதியடியெல்லாம் தூக்கித் தேடிக்கிட்டிருந்தார். "சாமி சத்தியமா நேத்து பெட்டில பார்த்தனே!"ன்னு பிருந்தா புலம்பினா. பாவம், அவ பார்த்தது நிஜம்.

மைக்குல எங்க பிரிவைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க, தயாரா இருங்கன்னு. நான் கையுறையைக் கழட்டினேன். "பரவாயில்ல பிருந்தா. விடு. நீ ஓட்டு."

அவ என் முன்னாடி வந்து நின்னா. மூச்சு வாங்குச்சு. "உங்க பரவாயில்லையை நம்பினது போதுங்க அண்ணி. போன வருஷம் நம்பி ஒரு வருஷமா நான் பட்டுட்டிருக்கேன். கைப்பிடி கழண்டு வருது. டியூப் ஒட்டுப் போட்டு வருது. என் டீல மட்டும் சக்கரை இருக்காது. நான் எதாவது கேட்டனா?"

எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணும்.

"இப்ப நேராச் சொல்லுங்க. ஓட்டணுமா, வேண்டாமா?"

"ஓட்டணும்"னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. "ஏப்ரல்ல இருந்து ஞாயித்துக்கிழமை மில்லு. இதுதான் எனக்குக் கடைசி."

"ஓட்டணும்னு சொல்றதுக்கு ஒரு வருஷமா?"ன்னுட்டு ஸ்பேனரை எடுத்துக்கிட்டா. "வாங்க, என் பிரேமுக்கு மாத்திடலாம். அதுலயே ஓட்டுங்க. அப்புறம் நானும் அதுலயே ஓட்டிக்கறேன்."

அப்படி ஒரு வேகத்துல நாங்க கை வெச்சதே இல்ல. ஃபோர்க்கை அவ உருவினா, கிராங்கை நான் கழட்டினேன். பிரேக் குழாய் பிரேமுக்கு வெளில பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினதுதான், அதை இவர் பல்லால கடிச்சு அத்துப் போட்டார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துடுச்சு. ஒரு ஆள் மைக்குக்காரர்கிட்ட போய்ச் சொல்ல, அவர் எங்களுக்காக இன்னும் ரெண்டு பேச்சுச் சேர்த்துப் பேசினார். கடைசில பின் சக்கரம். அவ ஆக்சில், மார்க் இல்லாதது, பட்டு மாதிரி உள்ள போச்சு.

கோட்டுல கடைசியாப் போய் நின்னேன். பிரேம் எனக்குச் சின்னது, முட்டி கைப்பிடில இடிச்சுச்சு. ஆனா ஓட்டினேன். கோபத்துல ஓட்டினேன், யார் மேல கோபம்னு இப்ப எழுத முடியல. முதல் ஏத்தத்துல நாலு பேரைத் தாண்டினேன். தோட்டத்துக்குள்ள ஒரு திருப்பத்துல பெடல் வேர்ல தட்டி வலது பக்கமா விழுந்தேன். எந்திரிச்சேன். கியர் கரகரன்னுச்சு, கண்டுக்கல. ரெண்டாவதா வந்தேன்.

ரெண்டாவது! மாநில அணி! இவர் ஓடி வந்து கட்டிப் பிடிச்சார், அத்தனை பேர் முன்னாடி. பிருந்தா விசிலடிச்சா. அப்புறம் குனிஞ்சு சைக்கிளைப் பார்த்தா. நான் விழுந்ததுல, பின்னாடி கியரைத் தாங்கற துண்டு உள் பக்கமா வளைஞ்சிருந்துச்சு. அவ பிரேமுக்கான துண்டு, மாத்து எங்ககிட்ட இல்ல. கையால எவ்வளவு நிமித்த முடியுமோ அவ்வளவு நிமித்தினேன்.

அவ போட்டில செயின் ஒவ்வொரு ஏத்தத்துலயும் தாவிக்கிட்டே இருந்துச்சு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்கே அந்தச் சத்தம் கேட்டுச்சு. ஆறாவதா வந்தா.

நான் நெனச்சது நடந்துடுச்சு. நெனச்சதை விட நல்லாவே நடந்துடுச்சு.

இறங்கினதும் "கியர் தாவுச்சுங்க"ன்னா. வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்ச்சுத் தூங்கினா. இல்ல, கண்ணை மூடியிருந்தா.

வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க. சமையல்கட்டுல எப்பவும் யாராவது. டப்பா பக்கம் போக முடியல. நாளைக்கு எடுத்துடுவேன். வண்டி இடுக்குல கெடந்துச்சுன்னு சொல்லிடுவேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மில்லுல இருந்து வர்றேன், வாசல்லயே நெய் வாசனை. எனக்காக அத்தை ஒப்புட்டு போடறாங்களாம், பருப்புப் போளி. மருமக மாநில அணிக்குப் போறாளே, சும்மா விடலாமா?

ஒப்புட்டுக்கு என்ன வேணும்? கடலைப்பருப்பு.

முகத்துல ஈயாடல எனக்கு. சாப்பாட்டு மேசை மேல, தட்டுக்குப் பக்கத்துல, கழுவித் துடைச்சு வெச்சிருக்காங்க. சிவப்பு மார்க் பளிச்சுன்னு இருக்கு. இவர் ஒரு பக்கம், பிருந்தா ஒரு பக்கம். அவ தட்டுல பாதி ஒப்புட்டு.

"ஏனம்மிணி, இந்தக் கம்பி பருப்புக்குள்ள எப்படிப் போச்சு?"ன்னு அத்தை கேட்டாங்க. திட்டற குரல் இல்ல. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. இவர் காலைல இருந்து வண்டியைப் பிரிச்சு மேஞ்சிருக்கார், கையெல்லாம் கரி. என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன்னு இப்பவும் தெரியல.

"நாந்தாம்மா வெச்சேன்"னா பிருந்தா. ஒப்புட்டைப் பிட்டுக்கிட்டே சொன்னா, நிமிரல. "பெட்டில கெடந்தா தொலைஞ்சுடும்னு பத்திரமா வெச்சேன். மறந்துட்டேன்."

அத்தை பிடிச்சுக்கிட்டாங்க. "ஏண்டி, புத்தியிருக்குதா உனக்கு? எந்தக் கூறுகெட்டவளாச்சும் இரும்பைக் கொண்டு போய்ப் பருப்புல வெப்பாளா? உன்னால பாவம் அவ எத்தனை சங்கடப்பட்டிருக்கா!" இவரும் சேர்ந்துக்கிட்டார். "உன்னாலதான் எல்லாமே தலைகீழாச்சு பிருந்தா. அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளு."

"மன்னிச்சுக்குங்க அண்ணி"ன்னா.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். அத்தை என் தட்டுல சூடா ஒண்ணு வெச்சு, மேல நெய்யும் விட்டாங்க. சாப்பிட்டேன். சாப்பிடாம எந்திரிச்சா கேப்பாங்களே.

அவ கை கழுவிட்டு ஷெட்டுக்குப் போனா. பின்னாடியே போனேன். அந்த வளைஞ்ச துண்டைக் கழட்டிக்கிட்டிருந்தா. "பிருந்தா"ன்னேன். அதுக்கு மேல வரல. ஒரு வருஷமா மனசுக்குள்ளயும் டைரிலயும் திட்டினவளுக்கு ஒரு வாக்கியம் வரல.

அவ திரும்பி, சிரிச்சா. அளவான சிரிப்பு.

"பரவாயில்லீங்க அண்ணி"ன்னா.

எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. போன வருஷம் காப்பி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நான் சிரிச்சது.

பிப்ரவரி 10, செவ்வாய்

அவ டீல சக்கரை ரெண்டு ஸ்பூன் போட்டேன். குடிக்கல. வேலை இருக்குதாம், ஆறிப் போச்சாம்.

பிப்ரவரி 12, வியாழன்

ஹால்ல என் போட்டோவும் மாட்டிட்டார் இவர். அவளுதுக்குப் பக்கத்துல. நான் ஓட்டறது பச்சை பிரேம். வர்றவங்க எல்லாம், "இது பிருந்தா சைக்கிள் இல்ல?"ன்னு கேக்கறாங்க. "ஆமா"ன்னு சொல்றேன். துடைக்க ரெண்டு போட்டோ இப்ப.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாமான் என் பக்கம்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். சாக்கு விரிச்சு எல்லாம் வரிசையா இருந்துச்சு. செயின் மின்னுச்சு. டயர்ல ஒரு மண் இல்ல. கைப்பிடி ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமா இருந்துச்சு. குறை சொல்ல ஒண்ணுமே விடல. அவளைத்தான் காணோம். மாடில யாரோடயோ ஃபோன்ல பேசற சத்தம் கேட்டுச்சு.

ஆக்சில் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தா. சிவப்பு இல்ல. நகப் பாலிஷைச் சுத்தமா எடுத்திருக்கா, ரிமூவர் வாசனை சாக்குல கூட இருந்துச்சு.

மாடிப்படி கிட்டப் போய், "பிருந்தா, மார்க் போயிடுச்சே?"ன்னேன்.

ஃபோனைக் கையால பொத்திக்கிட்டு எட்டிப் பார்த்தா. "ஆமாங்க அண்ணி, எடுத்துட்டேன். மறுபடி போடணுமா?"

"பரவாயில்ல, இருக்கட்டும்"னேன்.

சரின்னுட்டு உள்ள போயிட்டா. ரெண்டாவது தடவை கேக்கல.

ஷெட்டுக்கு வந்து, கம்பி ரெண்டையும் எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டு போய் எது என்னுதுன்னு மரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.